ஏழாம் அறை ஹீட்டர்

குற்றாலத்துச் சாரல் எனக்குப் பிடிக்கும் ஐயா. கூட்டம்தான் பிடிக்காது.

விடுதிகளில் மின் இணைப்பைச் சோதிப்பது என் வேலை. தென்காசியில் அலுவலகம். மீட்டரை வைப்பேன், எண்ணைப் பார்ப்பேன், என் கையால் எழுதிச் சான்று கொடுப்பேன். போன வருடம் புது மீட்டர் வந்தது. பொத்தானை அழுத்தினால் எண் நேரே அலுவலகக் கணினிக்குப் போய்விடும். சான்றிதழும் தானாக வந்துவிடும். என் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை.

மேலாளர் வித்யாலட்சுமிக்கு என் மகள் வயது. எல்லோரையும் வைத்துக்கொண்டு திரையைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்க முன்னால எழுதுனது எதுவும் இதோட ஒத்து வரல்லியே. மாடி ஏறாமலே எழுதுனியளோ? இனிமே மீட்டர் சொல்லுததுதான் கணக்கு. அது பொய் சொல்லாதுல்லா."

சில இடங்களில் ஏறாமல் எழுதியது உண்மைதான். அனுபவம் உள்ளவனுக்குக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபம் பிறகு இறங்கவே இல்லை.

சீசனுக்கு முன்னால் அருவிக்குப் பக்கத்து விடுதி ஒன்றுக்குப் போனேன். ஏழாம் அறை ஹீட்டரில் எர்த் கம்பி அறுந்து கிடந்தது. ஹீட்டரும் பழசு. கசிந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போகாது. தொட்டவர் உடம்பில்தான் இறங்கும். நான் மீட்டரை எட்டாம் அறை ஹீட்டரில் மாட்டி, ஏழு என்று பதிந்து அழுத்தினேன். கணினி உடனே ஏற்றுக்கொண்டது.

யாருக்காவது லேசாக ஷாக் அடிக்கும், அப்போது வித்யாலட்சுமியின் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மின்சாரத்தில் லேசு என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும்.

சாரல் தொடங்கியது. விடுதி நிரம்பியது. ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் ஒரு நாள் நானே போனேன். அறை கழுவும் குருவம்மாள் என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏழுல குழாயத் தொட்டா கை விறுவிறுங்குது அண்ணாச்சி. நீங்க பாத்துட்டுத்தான போனிய, ஒண்ணும் செய்யாதுல்லா?"

"ஒண்ணும் செய்யாதும்மா. கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிட்டுல்லா."

மறுநாள் காலையில் ஈரத்துணியால் அந்தக் குழாயைத் துடைத்தவள் அங்கேயே விழுந்தாள். தூக்கும்போதே உயிர் இல்லை.

அலுவலகத்தில் வித்யாலட்சுமி மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். குருவம்மாள் செத்தது, மனுஷனை விட்டுவிட்டு மீட்டரை நம்பியதால்.