வாசலில் நின்ற குதிரை

பாலும் பண்பும் ஒருசேரச் சுமந்து, இந்தக் குதிரை வண்டிச் சங்கத்தின் கடிவாளத்தையும் கையில் ஏந்தியிருக்கும் தலைவி பால்காரம்மா அவர்களே! பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லும் பெரியவர்களே! குதிரை வியாபாரிகளின் புளுகையெல்லாம் அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடும் தாய்மார்களே! லாடம் அடிக்கும் தோழர்களே, வண்டி ஓட்டும் தம்பிகளே! அனைவரையும் வணங்குகிறேன்.

உள்ளூரில் குதிரை விற்பவர், காலையில் கட்டுத்தறியிலிருந்து நேராக அவிழ்த்து நடத்திக் காட்ட வேண்டும். குறையைத் தம் வாயால் சொல்ல வேண்டும். இந்த விதிதான் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. குறையைச் சொன்னால் குதிரை விற்குமா? வாங்க ஆள் வருவார்களா? என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லாமல் விற்றவன் நான். என்னைக் கேளுங்கள்!

என்னிடம் ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. முன்னங்காலில் பிடிப்பு. விடிந்ததும் விந்தி விந்தி நடக்கும். அரை மணி நேரம் நடத்திச் சூடேற்றினால் மான்போல் துள்ளும். வாங்குபவர் எட்டு மணிக்கு வருகிறார் என்றால், ஏழரை மணிக்கே நான் சூடேற்றத் தொடங்கிவிடுவேன். பின்வரிசையில் சிரிக்கும் அண்ணே, இந்த வித்தை உங்களுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

அதை வாங்கியவர் நம் தலைவி. அன்று அவருக்கு ஒரே வண்டி, ஒரே பிழைப்பு. குதிரை நின்றால் பால் திரியும். பால் திரிந்தால் வீட்டில் உலை கொதிக்காது. அது தெரிந்தே விற்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

வெளியூருக்கு விற்ற குதிரை போனது போனதுதான். உள்ளூரில் விற்ற குதிரை எங்கே போகும்? மறுநாள் காலை ஆறு மணிக்குத் தலைவியின் பால் வண்டியை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி என் தெருவுக்கே வந்தது. வந்து, என் வாசலில் நின்றது. அவர் தட்டினார், நகரவில்லை! கெஞ்சினார், நகரவில்லை! பழைய லாயத்தைப் பார்த்துக் கனைத்தது. தெருவே கூடிவிட்டது. நானோ கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன்.

என் மனைவி சொன்னாள்: "அதான் வாசல்ல வந்து கூப்பிடுதுல்ல. போய் என்னன்னு கேளுங்க."

போனேன். தலை குனிந்து நின்றேன். குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"காலுல பிடிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அரை மணி முன்னாடி எந்திரிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்திருப்பேனேண்ணே" என்றார்.

கேட்டீர்களா? சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பார்! அரை மணி நேர வேலையை மறைத்து, ஒரு வீட்டின் அடுப்பையே அணைக்கப் பார்த்தேன். அன்றைய பாலை என் வண்டியில் ஏற்றி வீடு வீடாக நானே ஊற்றினேன். அந்தப் பழுப்புக் குதிரை இன்றும் அவர் வண்டியில்தான் ஓடுகிறது. இன்றும் என் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறது.

பல்லைத் திறந்து பார்க்கலாம், குளம்பைத் தூக்கிப் பார்க்கலாம். விற்பவன் மனத்தை எதைத் தூக்கிப் பார்ப்பது? அவன் வாய் திறந்தால்தான் உண்டு. ஆகவே கை தூக்குங்கள்! முதல் கை என்னுடையது.

இந்த மண்டபத்தின் வாசலில் என் சாம்பல் குதிரை விற்பனைக்கு நிற்கிறது. நேற்று மாலையே கட்டிவிட்டேன். அதன்பின் ஓரடி நடக்கவில்லை. நல்ல கால், நல்ல மூச்சு. இடது காதைத் தொட்டால் மட்டும் கடிக்கும். என் தோளில் தழும்பு இருக்கிறது. வாங்க விரும்புவோர் வலப்பக்கமாக வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்!