கம்மோடுக்கு அடியில் கிடைத்த நான்கு பொருட்கள்

பழைய கம்மோடை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்க அரை நாள் போதும். தண்ணீரை அடைத்து, தொட்டியைக் காலி செய்து, திருகுகளைக் கழற்றி, பீங்கானை மெல்ல ஆட்டித் தூக்கினால் வந்துவிடும். புதியதைப் பழைய கழிவுக் குழாயோடு சேர்ப்பதில்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அப்படியிருக்க, சொந்த வீட்டு வேலையை மட்டும் ஏன் எட்டு மாதம் தட்டிக்கழித்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

“ஊர்ல இருக்கிற அடைப்பையெல்லாம் எடுக்கிறீங்க, நம்ம வீட்டு அடைப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாதா?” என்று மனைவி தினமும் கேட்டாள். தண்ணீர் ஊற்றினால் விளிம்புவரை ஏறி நின்று, யோசித்து யோசித்து இறங்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பேறி என்று நினைத்தாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். அதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை. அவளிடம் இருந்த ஒரே குறை, எதையும் மறக்க மாட்டாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்த நாளில், மருந்து வாங்கப் போன நான் வழியில் விளையாட நின்றுவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை என் மனைவியிடம், கல்யாணமான முதல் வாரமே சொன்னாள். என்னைத் தேடி வரும் வாடிக்கையாளர்களிடமும் சொன்னாள். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டேதான். “இவன் அப்பவே அப்படித்தாங்க, அனுப்பினா அனுப்பின இடம்தான்.” கேட்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். யோசித்துப் பாருங்கள், அந்த நாளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அவள் ஞாபகம்தான்.

முதலில் பீரோ சாவி. பெரிய திட்டமெல்லாம் இல்லை, மேசைமேல் கிடந்தது, எடுத்தேன். குப்பையில் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அக்கா குப்பையை ஒரு தடவை கிளறிப் பார்க்காமல் வெளியே வைக்க மாட்டாள். அதனால் கம்மோடில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தண்ணீரோடு போனது போனதுதான் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் நம்பிக்கை. அன்று முழுக்கத் தேடினாள். நானும் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடிக்கொடுத்தேன். கடைசியில் ஓய்ந்துபோய் உட்கார்ந்து, “எங்க வெச்சேன்னே ஞாபகம் வரலடா” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

பிறகு கைக்கடிகாரம். பிறகு முன்பல் செட். இடையில் நன்றாக இடைவெளி விட்டேன். மூன்றாவது தடவை அவள் தேடவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா. யார்கிட்டயும் சொல்லிடாத” என்று அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அதன்பிறகு விருந்தாளிகள் முன்னால் அவள் பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

காது மெஷின் நான்காவது. டாக்டரிடம் அழைத்துப் போகிற அன்று காலையில். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். இன்று என்ன கிழமை, இது என்ன வருடம், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அக்கா அவர் உதட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். “காது கேக்குமில்ல?” என்றார் டாக்டர். “காதெல்லாம் நல்லாக் கேக்கும் டாக்டர், அப்பப்ப இப்படித்தான்” என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் டாக்டர் எழுதியது. அடுத்த வாரம் அவளை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். தூக்குவாளியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

வீட்டில் அடைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அது என் கைவேலை. பல வருடத்துக்கு முன்னால் அங்கே கம்மோடு வைத்தபோது, பழைய இரும்புக் குழாயோடு சேர்க்க ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். கைவசம் இல்லை என்று கயிற்றைச் சுற்றி சிமெண்ட் பூசினேன். சிமெண்ட் உள்ளே வழிந்து மேடு கட்டிவிட்டது. ஊரார் வீடாக இருந்தால் கையை விட்டு வழித்திருப்பேன். நம் வீடுதானே என்று மெத்தனம். தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டிப் போகும், கனமான பொருள் போகாது. எனக்கு இது தெரியாமல் இல்லை, காலம் கடந்து ஞாபகம் வந்தது. நானே எடுத்திருக்கலாம். மனைவி பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தாள்.

போன வாரம் நான் வெளியே போயிருந்தபோது அவள் வேறு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். என்னோடு வேலை பார்த்தவன்தான். “இந்த ஜாயிண்ட்ட எந்தப் புண்ணியவான் போட்டான்?” என்று சிரித்தானாம். அப்புறம் நான்கு பொருளையும் கழுவி செய்தித்தாளில் வைத்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டானாம்.

நான் சாப்பிட வந்தபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மெஷின் தொலைஞ்ச அன்னிக்கு அண்ணி குளிச்சிட்டு வந்ததுமே தேடினாங்க. அவங்க குளிக்கும்போது அது அலமாரில இருந்துச்சு, நானே பார்த்தேன். அப்புறம் டாய்லெட்டுக்குள்ள போனது நீங்கதானே?” மறதிக்காரி, அவளே போட்டிருப்பாள் என்றேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். புதிய கம்மோடு இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. குழாய் வாயில் துணி அடைத்து வைத்திருக்கிறோம்.

நீங்கள் நேற்று இல்லத்துக்குப் போய், காது கேட்காததால் கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினீர்களாம். அவள் எழுதிய பதிலை இப்போது என்னிடம் காட்டினீர்கள். ‘நான்தான் மறதியில் போட்டிருப்பேன். என் தம்பி தங்கமானவன். அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்.’

நான்கையும் போட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் தாளின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். என்னைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்னது இது ஒன்றுதான். எழுத்தைப் பாருங்கள், கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இதை எழுதும்போது அக்கா முழுத் தெளிவோடுதான் இருந்திருக்கிறாள்.