விதையில்லாத புல்லு

...பொறுங்க கண்ணு, மைக்கைப் புடுங்காதீங்க. இந்தச் சமுதாய வளைகாப்புக்கு வந்தவங்கெல்லாம் சத்துமாவைப் பத்தியே பேசிட்டாங்க. நான் ஒரு புல்லைப் பத்திச் சொல்லிட்டு இறங்கிக்கறேன். சின்னக் கதைதான்.

எங்க ஊர்ல கிரிக்கெட் மைதானம் போட்டாங்க. புல்லு நடப் பொம்பளைங்க போனோம். கூட நாச்சாத்தாளும் வந்தா. அவளுக்குக் குழந்தை இல்லை. முதல் கத்தையை நட அவதான் குனிஞ்சா... மேஸ்திரி பொண்டாட்டி கத்துனா பாருங்க!

"அடியே! மலடி கை பட்டா மண்ணுல பச்சை புடிக்குமா? எந்திரிச்சுப் போடி!"

அப்படிக் கத்துனவ மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தா. நான் மறப்பேனா?

நாச்சாத்தா எந்திரிச்சா. புல்லைக் கீழ வெச்சுட்டு நடந்தா. அந்தப் புல்லை உண்டாக்குன ஆராய்ச்சிக்கார அம்மா அங்கேயே நின்னுட்டிருந்தாங்க.

"நில்லுங்க நாச்சாத்தா! ஏனுங்க மேஸ்திரியம்மா, இந்தப் புல்லுல ஒரு விதை எடுத்துக் காட்டுங்க."

தேடுனா... தேடுனா...

"கிடைக்காதுங்க. இது விதையே வைக்காது."

"அதெப்படீங்க?"ன்னு நான் கேட்டேன்.

"ஒவ்வொரு உசுருக்குள்ளயும் குரோமோசோம்னு நூலாட்டம் இருக்குது. நம்ம அருகம்புல்லுக்கு முப்பத்தாறு. ஆப்பிரிக்காவுல ஒரு மெல்லிசுப் புல்லுக்குப் பதினெட்டு. ரெண்டையும் சேர்த்தேன். அதுல பாதி, இதுல பாதி... இந்தப் புள்ளைக்கு இருபத்தேழு. ஒம்பது ஒம்பதா மூணு கூட்டம். விதை உண்டாகணும்னா ஜோடி சேர்ந்து பிரியணும். மூணுல ஜோடி எப்படிப் போடறது? அதான் விதையில்லை. ஆனா என்கிட்ட இருக்கறதுலயே நெருக்கமாப் படர்றது இதுதான். கிள்ளி நட்டாப் போதும்."

அட சாமி! கண்ணுக்குத் தெரியாத நூலு... அதுக்குள்ள ஒரு கணக்கு! ஜோடி சேரலைன்னு அந்தப் புல்லு அழிஞ்சா போச்சு? திரும்பி வந்து நாச்சாத்தா நட்ட கத்தை, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுச்சு. மழை முடியறதுக்குள்ள மைதானமே பச்சைப் பாய்! எத்தனை காலு மிதிச்சாலும் திரும்ப எந்திரிக்குது!

மேஸ்திரி பொண்டாட்டி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அன்னையிலிருந்து நானும் அவகூடப் பேசறதில்லை. அவ மருமக இங்கதான் உக்காந்திருக்கா, போய்ச் சொல்லட்டும்.

எதுக்குச் சொல்றேன்? வித்து ஒரு வழி. அது ஒண்ணுதான் வழின்னு யாரு சொன்னா? விதையில்லாத புல்லைக் கும்புடற மாதிரி தொட்டு நடறோம்... பெத்துக்காத பொம்பளை கையை மட்டும் தட்டிவிடறோம். நியாயமா?

அந்தத் தூணுக்குப் பின்னால நிக்கற அம்மிணி... நீதான். யாரும் சொல்லாமலேயே ஒதுங்கி நின்னுக்கிட்டயா? வா இங்க. மாசமா இருக்கற இந்தப் புள்ளைங்களுக்கு முதல் வளையலை நீ போடு.

எவளாச்சும் வாயைத் தொறக்கட்டும். சேலைக் கலரோட ஞாபகம் வெச்சுக்கறேன்.