சரியாக இரண்டு மணிக்குத் தீரும் நூல்

அன்று மேடையில் நான் சொல்லாதது இது: பேச்சில் வரும் பெண்மணி என் அம்மா. மூன்றாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்லியிருந்தால், ஆய்வறிக்கையை மதிப்பிட வந்தவள் வீட்டு வழக்கை மேடையேற்றுகிறாள் என்று ஒதுக்கியிருப்பார்கள். மற்றபடி, வானொலி நிலைய அரங்கில் பேசியது அப்படியே கீழே.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இவள் எப்போது முடிப்பாள் என்று காத்திருக்கும் தலைவர் அவர்களே! நானூறு பக்கத்தில் நேயர் நெஞ்சங்களை அளந்து தந்திருக்கும் ஆய்வாளர் ஐயா அவர்களே! ஒலிவாங்கிக்கு முன்னால் தனியறையில் பேசியே பழகியதால், இத்தனை முகங்களுக்கு நடுவே கூசி உட்கார்ந்திருக்கும் எங்கள் ‘இரண்டு மணி அக்கா’ அவர்களே! இந்த நிலையத்தின் முதல் ஒலிபரப்பைக் காதாரக் கேட்ட பெரியோர்களே! அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்துவிட்ட பாக்கியசாலிகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஆய்வறிக்கையை மதிப்பிட்டுச் சொல்லென்று என்னைப் பணித்தார்கள். சொல்கிறேன். அட்டை அழகு! அச்சு அழகு! அட்டவணை அதைவிட அழகு! ஆயிரத்து இருநூறு வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை.

(ஆய்வாளர் ஐயா புன்னகைக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் புன்னகைத்துக்கொள்ளுங்கள் ஐயா.)

அறிக்கை சொல்கிறது: நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அறிவியல் சொற்பொழிவு கேட்கத் துடிக்கிறார்கள். ‘இரண்டு மணி அறிவிப்புகள்’ கேட்பவரோ நூற்றுக்கு அரை ஆள். ஆகவே அறிவிப்பை நிறுத்துக, அந்தப் பத்து நிமிடத்தில் அறிவியல் ஒலிக்க என்கிறது பரிந்துரை. அதற்குத்தான் அந்தப் பேனா திறந்திருக்கிறது.

அறிவியலுக்குத் துடிக்கும் ஊரா இது? என் பக்கத்து வீடும் எதிர்வீடும் எந்த ஊரில் இருக்கின்றன? வியந்து போய், நிரப்பிய படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு படிவத்தில் கண் நின்றது. தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி. நான்காம் கேள்வி: “உங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி உண்டா?” பதில், இல்லை. அடுத்து ஒரு கட்டளை: “இல்லையெனில் நேராகப் பத்தொன்பதாம் கேள்விக்குச் செல்க.” நடுவிலிருந்த பதினான்கு கேள்விகளும், என்ன கேட்கிறீர்கள், எங்கே கேட்கிறீர்கள் என்பதெல்லாம், அவர் தலைக்கு மேலே பறந்து போயின! பத்தொன்பதாவது: “வானொலி எதை வழங்க வேண்டும்?” பதில்: “அறிவியல் சொற்பொழிவு.”

அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “அறிவியல்னா அவ்வளவு ஆசையாம்மா?”

“ஆசையா? கேக்க வந்த பொண்ணு கழுத்துல ரேடியோ ஸ்டேஷன் அட்டை தொங்குது. படிச்ச பொண்ணு. அதுகிட்ட போயி, பஸ் எப்ப வரும்னு சொன்னாப் போதும்னா சொல்ல முடியும்? நம்மள மட்டமா நெனைக்காது?”

(மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்: “மட்டமான்னு நான் சொல்லவே இல்ல!” தாயே, தங்கள் மறுப்பை அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுகிறேன். தயவுசெய்து உட்காருங்கள்.)

“அப்ப ரேடியோவே கேக்க மாட்டீங்களா?” என்றேன்.

“யாரு சொன்னா? தெனமும் வேலை செய்யிற எடத்துல கேக்குறோமே!”

போனேன். எந்தக் கூடம் என்று சொல்ல மாட்டேன். நூலைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. நாற்பது தையல் இயந்திரங்கள், ஒரே ஒரு ரேடியோ. நாற்பதும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கடிகாரம் இரண்டைத் தொட்டது. முதல் இயந்திரம் நின்றது. “பாபின்ல நூல் தீர்ந்துபோச்சு.” இரண்டாவதும் நின்றது. மூன்றாவதும் நின்றது. அவையோரே, நாற்பது பேருக்கும், நாள்தோறும், நொடி தவறாமல், இரண்டு மணிக்கே நூல் தீர்கிறது! பாபின் மாற்ற ஒரு நிமிடம் போதும். அங்கே பத்து நிமிடம் ஆகிறது.

சூப்பர்வைசரிடம் மெல்லக் கேட்டேன். “அது எப்படி சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல தீருது?”

“நூல் கம்பெனியைத்தான் கேக்கணும்மா. இப்பக் கொஞ்சம் பேசாம இருங்க, எங்க பஸ்ஸைப் பத்திச் சொல்றாங்க!”

(சிரியுங்கள், சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார். எழுதிக்கொள்கிறேன்.)

இன்னும் ஐந்து பணிக்கூடங்களுக்குப் போனேன். செருப்புத் தைக்குமிடத்தில் இரண்டு மணிக்குப் பசை காய வேண்டும். சலவைக்கூடத்தில் இரண்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டி ஆற வேண்டும். ஆய்வாளர் ஐயா, உங்கள் எண்ணிக்கை சரி. ஆனால் கேட்பவர் கேட்கும் இடத்தில் நீங்கள் கேட்கவே இல்லை! வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். காது வேலைக்குப் போயிருந்தது.

அந்தத் தையல் கூடத்திலேயே, ஏழாவது இயந்திரத்தில் வேறொரு தாய். மகளின் செவிலியர் பயிற்சிக்கு மனுக் கொடுக்கும் கடைசி நாளை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அதை அவருக்குச் சொன்னது யார்? கடிதமா? கண்ணில் படவே இல்லை. பத்திரிகையா? படிக்க நேரமில்லை. இரண்டு மணிக்கு அக்கா சொன்னார். அன்று மாலையே மனுவைக் கொடுத்தார். மகள் இன்று பயிற்சியில் இருக்கிறாள்.

தலைவர் அவர்களே! அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டால், எந்தப் பேருந்து நின்றுவிட்டது என்று யார் சொல்வார்? காது மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று யார் சொல்வார்? கடைசி நாள் எது என்று, அது கடந்து போகுமுன் யார் சொல்வார்? வேலையை விட்டு எழுந்து வர முடியாதவர் இருக்கும் இடத்துக்கு எழுந்து போய்ச் சொல்வதல்லவா பொதுச் சேவை! அறிவியல் வரட்டும், மூன்று மணிக்கு வரட்டும், ஆறு மணிக்கு வரட்டும், அழகாக வரட்டும். இரண்டு மணியை விட்டுவிடுங்கள்! அந்தப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள்! ஒரே ஒரு முறை, வேலையிடங்களில் கேட்டுப் பாருங்கள்!

ஐந்து நிமிடம் தந்தீர்கள், பதினைந்து எடுத்துக்கொண்டேன். பொறுத்த அவைக்கும், புன்னகையைப் பாதியில் இழந்த ஆய்வாளர் ஐயாவுக்கும், குறுக்கே பேசிய தாய்க்கும் நன்றி. வணக்கம்.

வேலையிடங்களில் மறு ஆய்வு செய்வது என்றும், அது முடியும்வரை இரண்டு மணி அறிவிப்புகள் தொடரும் என்றும் அன்று முடிவானது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மறு ஆய்வு இன்னும் தொடங்கவில்லை.