நர்சுகளுக்காக எடுத்த வீடியோ

என் பெயர் கிருத்திகா, வயது 28, கணவர் பெயர் தங்கதுரை. பெருமாட்டி பஞ்சாயத்தில் எங்கள் தோப்பு வீட்டில் குடியிருக்கிறேன்.

சென்ற வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு இடது மார்பில் கட்டி வந்து காய்ச்சலும் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், "பால் கட்டியிருக்குதுங்க, ஒத்தடம் குடுத்தாச் செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒத்தடம் கொடுத்தும் காய்ச்சல் ஏறி நான் நினைவு தப்பியதால் பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாகச் சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். நான் தீவிர சிகிச்சையில் கிடந்த நாட்களில் குழந்தை புட்டிப்பாலுக்குப் பழகி, அதன் பிறகு என்னிடம் பால் குடிக்கவில்லை.

அங்கே நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் செல்வலட்சுமி மேடம், இப்படிப்பட்ட கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வீடியோ எடுத்துப் பாடமாகக் காட்ட வேண்டும் என்றும், முகம் வராது என்றும் சொல்லிச் சம்மதம் கேட்டார். நானும் கணவரும் கலந்து பேசிச் சம்மதித்தோம். தழும்பையும், தொட்டுப் பார்க்கும் முறையையும் எடுத்தார்கள். எனக்கு என்னென்ன செய்தது என்பதை நானே பேசினேன்.

சென்ற வாரம் வேலந்தாவளம் சந்தை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில், என் மார்பு தெரியும் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டு, கீழே என் பெயரையும் கேலியும் எழுதியிருந்ததைச் சந்தையில் நின்ற என் கணவர் பார்த்தார். விற்கக் கொண்டுபோன மாட்டை விற்காமலே திருப்பி ஓட்டிவந்து, அதைத் திறந்தபடியே போனை என் முன்னால் கட்டிலில் வைத்துவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு, கணவரின் சித்தப்பா மகன் பிரதீப்பின் மனைவியும் துணைச் சுகாதார நிலைய நர்ஸுமான செல்வப்பிரியா அழுதுகொண்டு வந்தார். "பயிற்சிக்குக் குடுத்தது என் போன்ல இருந்துச்சுங்க அக்கா. அவருதான் எடுத்துப் போட்டிருக்காரு. நானே சாட்சி சொல்றனுங்க" என்றார். நான் உடனே பிரதீப்பிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்களே காட்டுனதுதானுங்களே அண்ணி" என்றார். "நான் காட்டுனது நர்சுகளுக்கு. உனக்கில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"ஊட்டுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்று கணவர் சொன்னார். நான் கேட்காமல் இன்று காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரப் பஸ்ஸுக்குப் போய் நின்றேன். அதன் பிறகு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஏறச் சொன்னார். இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பயிற்சி வீடியோவையும் நீக்கச் சொல்லி எழுதவா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பாடத்தைப் பார்த்த பிறகுதான் செல்வப்பிரியா, பிரசவமான ஒரு பெண்ணின் கட்டியைத் தொட்டுப் பார்த்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். அவளுக்கு மாத்திரையிலேயே குணமாகிவிட்டது.

பிரதீப் மீது வழக்குப் போட வேண்டும், அவர் வெட்டிப் போட்டதை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். பாடம் நிற்கக் கூடாது. அடுத்து எடுக்கும் வீடியோவில் முகத்தைக் காட்டியே பேசுகிறேன் என்று செல்வலட்சுமி மேடத்திடம் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தும் எதையும் சேர்க்கவில்லை, யாருக்குப் பயந்தும் எதையும் விடவில்லை.

ஒப்பம்
த. கிருத்திகா