சட்டிச் சத்தத்துக்கு வந்த முதலை

கழுகுக்கு மீன் போடவும் ஒரு கைப்பக்குவம் வேண்டும், ஐயா. சும்மா எறிந்தால் மீன் முழுகிவிடும். அதன் வாய்க்குள் ஒரு துண்டு நாணலைச் செருகி எறிந்து, ஒரு சீட்டி அடிக்க வேண்டும். மீன்கழுகு மரத்திலிருந்து இறங்கி அள்ளிக்கொண்டு போகும். படகில் இருக்கிற வெள்ளைக்காரர்கள் படம் எடுத்து மாய்வார்கள். மலாவி ஏரியில் பதினாறு வருஷம் இதுதான் என் பிழைப்பு.

கழுகு எல்லாப் படகுக்காரனுக்கும் வரும். முதலை எனக்கு மட்டும்தான் வந்தது. அலுமினியச் சட்டியைக் கரண்டியால் நாலு அடி அடிப்பேன், மீன்குடலைக் கொட்டுவேன். ஒரே மாதத்தில் பழகிவிட்டது. ஏரியின் தேசியப் பூங்காச் சட்டப்படி தப்புதான், யார் இல்லையென்றது?

எனலேசிக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் ஊர்க் கரைக் கமிட்டித் தலைவி அவள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏன்டா வைசன், உனக்கு மூளை இருக்கா? நாங்க சட்டி கழுவுறதும் இதே ஏரியிலதான். எந்தச் சட்டி யாருதுன்னு உன் முதலைக்குத் தெரியுமா?"

"உன் சட்டியில தீஞ்ச களி வாடைதான் வரும் அக்கா, அது கிட்டயே வராது" என்றேன். ஊரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த திங்கக்கிழமை பூங்கா ஆபீசுக்குப் போறேன். உன் படகு லைசென்ஸைப் பிடுங்காம விடமாட்டேன், பாரு."

என் பிழைப்பில் மண் போட அவள் யார்? இப்போதும் கேட்கிறேன்.

அதுவரை ஊரை விட்டுத் தள்ளி, தீவுப் பக்கம்தான் தீனி போட்டேன். கூட்டத்துக்கு மறுநாள் இடத்தை மாற்றினேன். அவள் வீட்டுக்கு நேர் கீழே, அவள் பாத்திரம் கழுவுகிற பாறை. விடியும்போதே போய்விடுவேன். நாலு அடி, ஒரு வாளி குடல். ஐந்து நாள் அப்படிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றுமே செய்யவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். படகைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சர்ச் விருந்துப் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு அவள் இறங்கி வந்தாள். கரி பிடித்த பெரிய சட்டியை மணல் போட்டுத் தேய்த்தாள், பிறகு பாறையில் நங்கென்று தட்டிக் கவிழ்த்தாள். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை.

அவளைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் உங்கள் ஆட்கள் அந்த முதலையைச் சுட்டுவிட்டார்களே ஐயா, அதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. பாவம், வாயில்லா ஜீவன். என்னை நம்பித்தானே வந்தது.