பெரிய வியாழனின் கடைசி நாற்காலி

மிக்கேல் கொத்தனாரை நான் வேண்டுமென்றே யூதாசின் நாற்காலியில் உட்கார வைத்தேன். எழுபதுகளில், திருவனந்தபுரத்தில். பெரிய வியாழன் பூசையில் சாமியார் சீடர்களாகப் பாவித்துப் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரை வரிசைப்படுத்துவது என் வேலை. கடைசி நாற்காலி, முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கேலி உண்டு. கோயிலில் நான் பாடியதைக் கேட்டு அவர் சிரித்திருந்தார். காரணம் அவ்வளவுதான்.

ஈஸ்டர் கழிந்து கிழக்கேகோட்டை பஸ்ஸில் போனபோது, என் பின்சீட்டில் அவர் தம் மைத்துனனிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை.

"யூதாசுக்க மகளை எடுக்க மாட்டோம்னு மாப்பிள்ளைக்க அம்மை சொல்லியாச்சு."

"அவ எப்பம் பாத்தா?"

"அண்ணைக்குப் பூசைக்கு வந்திருக்கா."

"எழும்பி வந்திருக்கலாமே அத்தான்?"

"ஒரு காலைச் சாமியார் கழுவியாச்சு. மத்தக் காலோட எங்கடே எழும்ப?"

"மோளு என்ன சொல்லுகா?"

"முப்பது வெள்ளிக்காசு கிட்டிச்சா அப்பான்னு சிரிச்சோண்டு கேட்டா. பின்னே அடுக்களையில போயிருந்து ஒரே அழுகை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்குப் போய், மாப்பிள்ளையின் தாயாரிடம் உண்மையைச் சொன்னேன். காப்பி கொடுத்தார். சம்பந்தம் முறிந்தது முறிந்ததுதான். மிக்கேலிடமும் சொன்னேன்.

மறுவருஷம் அவரை முதல் நாற்காலியில் உட்காரவைத்து, கடைசியில் நானே உட்கார்ந்தேன். சாமியார் என் காலில் தண்ணீர் ஊற்றியபோது, எதிர்வரிசையில் மிக்கேல் பக்கத்து ஆளிடம் சொன்னது கேட்டது.

"இப்பம் ஆளு சரியா இருக்கு."